நட்சத்திரக் கட்டம்

அஞ்சு நட்சத்திரம் என்றால் சிவப்பு மை.
மூன்றுக்குக் கீழே பென்சில்.
மே மாதம், கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து
காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும் மைதானத்தில்
அற்புதசாமி சார் விசிலைக் கடித்தபடி
பையன்களின் கெண்டைக்காலைப் பார்ப்பார்,
மண்டியில் மாங்காய்க் காம்பைப் பார்ப்பதுபோல.
உயரம், எடை, ஐம்பது மீட்டர்,
இடது காலால் ஒரு ஷாட்.
ஆளுக்கு நாலு நிமிஷம்.
பக்கத்தில் குடையும் நோட்டுமாக நான்.
புள்ளியியல் டீச்சருக்கு வேறென்ன வேலை என்று
கால்பந்துத் தேர்வுக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

போன தீபாவளி லீவில்
ஒன்பது வருஷ நோட்டுகளைக் கூட்டினேன்.
அஞ்சு நட்சத்திரம் பதினாலு பேர்;
யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடியது ஆறு பேர்.
இரண்டு நட்சத்திரம் இருநூற்று முப்பது;
ஆடியது பதினொரு பேர்.

“ஆறைவிடப் பதினொன்று பெரிசுங்க மேடம்,
நட்சத்திரமெல்லாம் சும்மா”
என்று மேசையைத் தட்டினார் காமர்ஸ் செங்கோடன்.
பதினொன்றுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள் சார்,
கோட்டுக்குக் கீழே இருநூற்று முப்பதை எழுதுங்கள் என்றேன்.
அவர் போண்டாவைப் பிய்த்தார்.
கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை
யாருக்கும் பிடிப்பதில்லை.

ஆல்வின் டெரன்ஸ், சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிவப்பு மை, அஞ்சு.
சொன்னபடி ஓடினான்,
சொன்னபடி கோல் போட்டான்,
சொன்னபடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனான்.
அவனைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் ஒரு கதைகூடக் கிடையாது.
சொன்னபடி நடப்பதெல்லாம் கதையா?

ஆக, நட்சத்திரம் பலிக்கிறது
என்று முடித்து, ஒரு பக்கம் எழுதி,
தசமத்துக்குப் பின் மூன்று இலக்கமும் போட்டு
வைத்துவிட்டேன்.

அப்புறம் ஹாஸ்டல் மெஸ் தணிக்கைக்கு என்னைப் போட்டார்கள்.
நீள ரெஜிஸ்டர், எண்ணெய்க் கறை.
அஞ்சுக்கும் நாலுக்கும்
ரூம், ஷூ, தினம் இரண்டு முட்டை, பால்.
மூன்றுக்கு ஒரு முட்டை.
இரண்டுக்கு பஸ் பாஸ்.

தீர்த்தகிரி. நாகலூர். பென்சில், இரண்டு.
தேர்வன்று இருபது கொண்டை ஊசி வளைவையும்
நின்றுகொண்டே இறங்கி
அடிவாரத்தில் வாந்தி எடுத்துவிட்டு
வெறும் வயிற்றோடு ஓடியவன்.
அவன் வேகத்தை எழுதியது நான்தான்.
ஏன் அந்த வேகம் என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
ஆறரை வரை பிராக்டிஸ்;
அவன் மலைக்குத் திரும்பும் பஸ் அஞ்சே முக்காலுக்கு.
மூன்று வருஷமும் பாதி ஆட்டத்தில்
பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.
கடைசி வருஷம் ஒன்பது நிமிஷம் இறக்கினார்கள்.
அன்றைக்கு நான் பார்த்தேன்:
இடது ஓரக் கோட்டில்
எதிரே வந்த ஒவ்வொருவனையும் ஒரு வளைவாக நினைத்து
பிரேக்கே போடாமல் இறங்கினான்.
கோல் இல்லை.
நோட்டில் அவன் ‘ஆடாதவர்’.
இப்போது மிளகு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறானாம், கேள்வி.
கேள்விப்பட்டதை நான் நோட்டில் ஏற்றுவதில்லை.

கணக்கு தப்பில்லை. நட்சத்திரம் பலிக்கிறது.
முட்டையும் பலிக்கிறது.
நாலு நிமிஷம் பார்த்த கண் எவ்வளவு,
மூன்று வருஷம் தின்ற முட்டை எவ்வளவு,
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒரே வழி:
ஒரே ஒரு வருஷம் எல்லோருக்கும் முட்டை போட்டுப் பார்ப்பது.
அற்புதசாமி சாரிடம் சொன்னேன்.
கெட்டவர் இல்லை. யோசித்தார்.
விசிலைச் சட்டையில் துடைத்து
“பட்ஜெட் இல்லைங்க மேடம்” என்றார்.

நாளைக்குத் தேர்வு.
காலை 8 மணி என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.
மலையிலிருந்து முதல் பஸ் அடிவாரம் சேர எட்டேகால்.
வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரம்
பேனாவால் 8ஐ 9 ஆக்கப் பார்த்தேன்.
அடிச்சுழி மூடவே இல்லை, மை அப்பி
அசிங்கமாகத்தான் வந்தது.

படிக்கலாம்.